நீதியரசர் தர்குட் மார்ஷல்

கல்வி கொடுக்கக் குறையாத செல்வம் என்பர் நம் முன்னோர். ஆயினும், அச்செல்வம் வழங்கப்பெறும் கூடங்களில் இடம் அளவுபட்டது. ஓர் உயர்கல்விக் கூடத்தில் இடங்கள் நூறு. அவற்றை நாடி வருவோரோ ஆயிரக்கணக்கினர். அந்நூற்றுவரைத் தெரிந்தெடுக்குங்கால் எதனைக் கருதுவது? மாணவன் பெற்ற மதிப்பெண் ஒன்றையே நோக்குவதா? அவன் எத்தகைய பள்ளத்திலிருந்து ஏறி வந்தான் என்பதையும் நோக்குவதா? அவன் பிறந்த இனத்தைக் கருதுவது முறையா, கருதாது விடுவது முறையா? இவ்வினாக்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டைப் பல ஆண்டுகளாகக் கலக்கி வந்தவை. இவற்றிடையே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருமகனார் ஒருவர் உண்டு. அவர் முதலில் வழக்குரைஞராக நின்று அடைபட்ட வாயிலைத் தட்டினார். பின்னர் நீதியரசராக அமர்ந்து அவ்வாயிலைப் பற்றித் தீர்ப்பும் உரைத்தார். அவரே தர்குட் மார்ஷல் ஆவார்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் கீழைக் கரையில் மேரிலாந்து என்னும் மாநிலம் உள்ளது. அதன் துறைமுக நகரமாகிய பால்டிமோரில், 1908-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் மார்ஷல் பிறந்தார். தந்தையார் வில்லியம் மார்ஷல் புகைவண்டியின் உணவுப் பெட்டியில் பரிமாறும் பணியாளராக இருந்தார். பின்னர் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக இருந்த மன்றம் ஒன்றில் பணியாளர் தலைவராக விளங்கினார். தாயார் நார்மா பள்ளி ஆசிரியை.

அக்காலத்தில் அந்நாட்டுக் கறுப்பினத்தாரின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. அவர்தம் முன்னோர் ஆப்பிரிக்காவினின்று கப்பலேற்றிக் கொணரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டவர். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. 1868-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம், சட்டத்தின் காப்பு எல்லார்க்கும் சமமாகக் கிட்ட வேண்டும் என்று விதித்தது. எனினும், அவ்விதி ஏட்டளவில் நின்றது. 1896-இல், புகைவண்டியில் கறுப்பினத்தார்க்குத் தனிப் பெட்டி வகுத்த சட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில், பிரித்து வைப்பினும் வசதிகள் சமமாக இருப்பின் போதும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. அத்தீர்ப்பின் நிழலிலே தனிப் பள்ளி, தனி மருத்துவமனை, தனிக் குடிநீர்க் குழாய் என எங்கும் பிரிவினை ஓங்கி வளர்ந்தது. பிரிவு மட்டும் நிலைத்தது. சமம் என்னும் சொல் பொய்யாயிற்று.

மார்ஷல் பள்ளியில் குறும்பு மிக்க மாணவர். தவறு செய்யும்போதெல்லாம் அவரைப் பள்ளிக் கட்டடத்தின் கீழறைக்கு அனுப்பி, நாட்டின் அரசியலமைப்பைப் படித்து வரும்படி ஒறுப்பது வழக்கமாக இருந்தது. தவறுகள் பலவாகவே, அவர் அந்நூல் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். எல்லாரும் சமம் என்று ஏடு கூறுவதையும், சமமின்றித் தெரு நடப்பதையும் அவ்விளம் உள்ளம் அன்றே ஒப்பிட்டு நோக்கியது. தந்தையார் ஓய்வு நேரங்களில் தம் மைந்தரை வழக்கு மன்றங்களுக்கு அழைத்துச் செல்வார். இரவு உணவின்போது அவ்வழக்குகளைப் பற்றி அவர்களோடு சொற்போர் நிகழ்த்துவார். எக்கருத்தைச் சொல்லினும் அதற்குக் காரணம் காட்டுமாறு கேட்பார். மார்ஷலுக்கு வழக்குரைக்கும் கலையின் முதல் ஆசிரியர் தந்தையாரே எனலாம்.

அடைபட்ட வாயில்

பென்சில்வேனியா மாநிலத்து லிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1930-இல் சிறப்புடன் பட்டம் பெற்ற மார்ஷல், சட்டம் பயில விழைந்தார். அவர் பிறந்த பால்டிமோர் நகரிலேயே மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தது. அரசின் பொருளால் நடந்த அக்கல்லூரிக்கு அவர் பெற்றோரும் வரி செலுத்தினர். ஆயினும், அங்குக் கறுப்பினத்தார்க்கு இடமில்லை. எனவே, அவர் வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தை நாடினார். அதன் கட்டணத்தைச் செலுத்துதற்குத் தாயார் தம் திருமண மோதிரத்தை அடகு வைத்தார். நகரில் தங்கிப் படிக்கப் பொருள் இன்மையால், மார்ஷல் நாள்தோறும் விடியற்காலையில் புகைவண்டி ஏறி வாஷிங்டன் சென்று இரவில் வீடு திரும்புவார். இவ்வாறு உழைத்து 1933-இல் தம் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார்.

அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் என்பார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற பேரறிஞர் அவர். சட்டத்தைச் சமுதாயத்தின் குறை தீர்க்கும் கருவியாகக் கொள்ளாத வழக்குரைஞனால் பயன் இல்லை என்பது அவர்தம் கொள்கை. மாணவரிடம் அவர் கடுமை காட்டுவார். தவறு பொறுக்க மாட்டார். எதிரி வழக்குரைஞரை விடக் கறுப்பின வழக்குரைஞன் இருமடங்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். அக்கடுமையே மார்ஷலை உருவாக்கியது.

முதல் வெற்றி

மார்ஷல் பால்டிமோரில் தொழில் தொடங்கியபோது நாட்டில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நிலவியது. அவரிடம் வந்தோர் கட்டணம் கொடுக்க இயலாத ஏழையர். அந்நிலையிலும் அவர் மனம் தம் நகரத்துச் சட்டக் கல்லூரியை மறக்கவில்லை. டொனால்டு முர்ரே என்னும் கறுப்பின இளைஞர், ஆம்ஹர்ஸ்டு கல்லூரியில் பட்டம் பெற்றவர், அக்கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அவருடைய தகுதியில் எவரும் குறை காணவில்லை. இனம் ஒன்றே காரணமாக விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மார்ஷலும் அவர்தம் ஆசிரியர் ஹியூஸ்டனும் வழக்குத் தொடர்ந்தனர்.

அவர்கள் வாதம் எளியது, ஆயின் கூரியது. பிரித்து வைப்பினும் சமம் வேண்டும் என்பதன்றோ அன்றைய சட்டம்? மேரிலாந்தில் கறுப்பினத்தார்க்கெனச் சட்டக் கல்லூரி வேறு உண்டா? இல்லை. வேறு மாநிலம் சென்று படிக்க உதவித் தொகை தருவோம் என்பது, மேரிலாந்தின் சட்டத்தை மேரிலாந்திலேயே பயிலும் வாய்ப்புக்கு ஈடாகுமா? ஆகாது. ஆதலின், உள்ள ஒரு கல்லூரியில் முர்ரேக்கு இடந்தருதல் வேண்டும் என்றனர். 1935-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நீதிபதி அவ்வாறே ஆணையிட்டார். 1936-இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. எக்கல்லூரி தமக்கு வாயிலடைத்ததோ, அக்கல்லூரியின் வாயிலை மற்றோர் இளைஞருக்காகத் திறந்துவிட்டபோது, மார்ஷலுக்கு இருபத்தேழு அகவை கூட நிரம்பவில்லை.

துணிவும் துன்பமும்

பின்னர் மார்ஷல், கறுப்பினத்தாரின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கத்தின் வழக்குரைஞராக நாடெங்கும் சுற்றினார். தென் மாநிலங்களில் அவருக்கு உணவு விடுதியில் இடமில்லை, உயிருக்கோ காப்பில்லை. 1946-இல் டென்னஸி மாநிலத்துக் கொலம்பியா நகரில் ஒரு வழக்கை முடித்துத் திரும்புகையில், காவலர் அவர் வண்டியை நிறுத்தி, குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்று பொய்க் குற்றம் சாட்டி அவரைப் பிடித்துச் சென்றனர். உடன்வந்த நண்பர்கள் அவரைக் கைவிடாது பின்தொடர்ந்தமையால் அன்று அவர் உயிர் பிழைத்தது. நீதிபதி முன் நிறுத்தப்பட்டபோது, அவர் குடிக்கவில்லை என்பது தெளிவாகி விடுவிக்கப்பட்டார். இத்தகைய இடர்களுக்கு அஞ்சி அவர் தம் பணியை விட்டாரல்லர்.

டெக்சாஸ் மாநிலத்தில் ஹீமன் சுவெட்டு என்னும் அஞ்சற்காரர் 1946-இல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அவரைச் சேர்க்க மனமின்றி, மாநில அரசு கறுப்பினத்தார்க்கென ஒரு தனிச் சட்டக் கல்லூரியையே அவசரமாக அமைக்க முற்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. மார்ஷல் இரு கல்லூரிகளையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துக் காட்டினார். ஒன்றில் 850 மாணவர், 16 முழுநேரப் பேராசிரியர், 65,000-க்கு மேற்பட்ட நூல்கள். மற்றொன்றில் 23 மாணவர், 5 பேராசிரியர், ஏறத்தாழ 16,500 நூல்கள். இவை எண்ணால் அளக்கத்தக்கவை. கல்லூரியின் புகழ், பழைய மாணவரின் செல்வாக்கு, நாளை தன்னோடு வழக்காடப்போகும் மக்களோடு இன்று கூடிப் பயிலும் பயிற்சி ஆகியவை எண்ணால் அளக்க இயலாதவை. இவை யாவும் தனிக் கல்லூரியில் இல்லை என்பதை மன்றம் ஏற்று, 1950-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் சுவெட்டைச் சேர்க்க ஆணையிட்டது.

அன்றே மற்றொரு வழக்கிலும் வெற்றி கிட்டியது. ஓக்லஹோமாப் பல்கலைக்கழகம் ஜார்ஜ் மக்லாரின் என்னும் முதியவரைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும், வகுப்பறையை ஒட்டிய தனி இடத்தில் அமர்த்தியது. நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் அவரைத் தனியே ஒதுக்கியது. சேர்த்துக்கொண்டு ஒதுக்குவதும் சமமன்று என்று மன்றம் கூறிற்று.

இவ்வெற்றிகளின் மேல் நின்று மார்ஷலும் அவர் தோழர்களும் பள்ளிப் பிரிவினையின் ஆணிவேரையே அகழ்ந்தனர். 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு மாறானது என்று நீதிபதியர் ஒன்பதின்மரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். உச்சநீதிமன்றத்தில் மார்ஷல் வாதிட்ட வழக்குகள் 32, வென்றவை 29.

வாயில் திறந்த பின்

வாயில் திறந்தவுடன் குறை தீர்ந்ததா? தீரவில்லை. சுவெட்டு 1950-இல் கல்லூரியில் சேர்ந்தார். ஆயின், நீண்ட வழக்கினாலும் நோயினாலும் நலிந்து, படிப்பை முடிக்க இயலாது வெளியேறினார். பல தலைமுறைகளாக நல்ல பள்ளியும் நல்ல ஊதியமும் மறுக்கப்பட்ட மக்கள், தடை நீங்கிய மறுநாளே பிறரோடு ஒத்து ஓடுதல் யாங்ஙனம்? இதனைக் கருதிய பல்கலைக்கழகங்கள் சில, 1960-க்குப் பின் ஒடுக்கப்பட்ட இனத்தாரைச் சேர்த்தற்குத் தனி முயற்சிகளை மேற்கொண்டன.

இதற்கிடையே மார்ஷல் பதவிகளில் உயர்ந்தார். 1961-இல் தலைவர் கென்னடி அவரை மேல்முறையீட்டு மன்ற நீதிபதியாக நியமித்தார். 1967-இல் தலைவர் ஜான்சன் அவரை உச்சநீதிமன்றத்துக்குப் பெயர் குறித்தார். மேலவை 69 வாக்குகளுக்கு 11 என்ற அளவில் இசைவளித்தது. அம்மன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் அவரே.

பாக்கி வழக்கு

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிஸ் மருத்துவக் கல்லூரி 1968-இல் தொடங்கியபோது, அதன் முதல் வகுப்பில் கறுப்பினத்தார் ஒருவரும் இலர். பின்னர் அக்கல்லூரி தன் 100 இடங்களில் 16 இடங்களைப் பின்தங்கிய சிறுபான்மை இனத்தார்க்கென ஒதுக்கியது. ஆலன் பாக்கி என்னும் வெள்ளை இனத்தவர், முன்பு படையில் பணியாற்றியவர், பொறியியல் வல்லுநர், மருத்துவம் பயிலும் பேராவலால் 1973-இலும் 1974-இலும் விண்ணப்பித்தார். 1973-இல் மட்டும் 2,464 பேர் விண்ணப்பித்திருந்தனர். பாக்கிக்கு இருமுறையும் இடம் கிட்டவில்லை. ஒதுக்கிய இடங்களில் சேர்ந்தோர் சிலரைவிடத் தம் மதிப்பெண் மிகுதி என்று கண்ட அவர், தம் இனம் காரணமாகத் தமக்குத் தீங்கு இழைக்கப்பட்டது என வழக்குத் தொடுத்தார்.

மாணவர்காள்! இவ்வழக்கின் அருமையை நோக்குமின். முர்ரேயும் பாக்கியும் கேட்டது ஒன்றே: என் இனத்தைக் கொண்டு என்னைத் தள்ளாதீர் என்பது. பாக்கி தனிப்பட எவருக்கும் தீங்கு செய்தவரல்லர், அடிமைகளை வைத்திருந்தவருமல்லர். முன்னோர் செய்த பிழைக்கு இவர் ஏன் இழப்பு எய்த வேண்டும் என்று அவர் பக்கத்தார் கேட்டனர். அரசியலமைப்பு தனி மனிதனையே காக்கின்றது, கூட்டத்தையன்று என்றனர். இனம் பாராதீர் என இளமையில் வாதிட்ட மார்ஷலே இன்று இனம் பார்க்க இசைவாரோ என்றும் சிலர் வினவினர். இவை எளிதில் தள்ளத்தக்க வினாக்கள் அல்ல.

1978-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதியர் இரு பிரிவாயினர். இடங்களை எண்ணி ஒதுக்குதல் ஆகாது என ஐவர் கூறினர்; ஆதலின் பாக்கியைச் சேர்க்க ஆணை பிறந்தது. சேர்க்கையில் இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என்றும் ஐவர் கூறினர். நீதிபதி பவல் ஒருவரே இரு பக்கத்தும் நின்று தராசின் முள்ளாக விளங்கினார். மார்ஷல், இனத்தைக் கருதலாம் என்பதை ஏற்றார். ஒதுக்கீட்டை நீக்கியதை மறுத்துத் தனியே ஓர் உரை வரைந்தார்.

அவ்வுரையில் அவர் அடிமைக் கப்பல் தொடங்கித் தம் காலம் வரையுள்ள வரலாற்றை விரித்துரைத்தார். மக்கள் தொகையில் கறுப்பினத்தார் 11.5 விழுக்காடு, வழக்குரைஞரிலும் நீதிபதியரிலும் 1.2 விழுக்காடே; மருத்துவரில் 2 விழுக்காடே என்று கணக்குக் காட்டினார். பதினான்காம் திருத்தத்தை ஆக்கியோரே, விடுதலை பெற்ற அடிமைகளுக்கெனத் தனி உதவிகளையும் வகுத்தனர் என்பதை நினைவூட்டினார். பல நூற்றாண்டுகள் இனத்தைக் கொண்டு ஓர் இனத்தாரைத் தள்ளிய நாடு, அத்தீங்கை நீக்குதற்கு மட்டும் இனத்தை நோக்கலாகாது என்பது பொருந்தாது என்பதே அவர் கருத்து. தள்ளுவதற்காக இனம் பார்த்தல் வேறு. தள்ளப்பட்டவரைக் கைதூக்குவதற்காகப் பார்த்தல் வேறு என அவர் கண்டார். பாக்கி அக்கல்லூரியில் சேர்ந்து 1982-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இறுதி நாட்கள்

1980-இல் மேரிலாந்துச் சட்டக் கல்லூரி தன் நூலகத்துக்கு மார்ஷலின் பெயரைச் சூட்டியது. இளமையில் தம்மை ஏலாத இடம் முதுமையில் அளித்த அப்பெருமையை ஏற்க, அவர் விழாவுக்குச் செல்லவில்லை. பழைய புண் அத்துணை ஆழமானது போலும்! 1991-இல் உடல்நலம் குன்றிப் பதவி துறந்த அவர், 1993-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் தம் 84-ஆம் அகவையில் மறைந்தார்.

அவர் இருக்கையில் அமர்ந்த கிளாரன்ஸ் தாமஸ் என்பாரும் கறுப்பினத்தவரே. ஆயினும், இனத்தைக் கருதிச் சேர்ப்பது அவ்வினத்தார்க்கே இழுக்குத் தரும் என்பது அவர் கொள்கை. 2003-இல் மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கில், இனத்தை ஒரு கூறாகக் கருதும் முறையை ஐவருக்கு நால்வர் என்ற அளவில் மன்றம் ஏற்றது. ஹார்வர்டு, வடகரோலினா ஆகிய பல்கலைக்கழகங்களின் மேல் பின்னர் வழக்கு எழுந்தது. ஆசிய வழியினராகிய மாணவர் அம்முறையால் தாழ்த்தப்படுகின்றனர் என்பது ஹார்வர்டின் மேல் சாட்டப்பட்ட குற்றம். 2023-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், இனத்தை இனமாகவே கருதிச் சேர்க்கும் முறை அரசியலமைப்புக்கு மாறானது என்று மன்றம் தீர்ப்பளித்தது. மாணவன் ஒருவன் தன் இனத்தால் தான் எய்திய இடரையும், அதனை வென்ற திறத்தையும் எடுத்துரைப்பின் அதனைக் கருதலாம் என்றும் கூறிற்று. மார்ஷல் கொண்ட கருத்து அன்று தோற்றது. அவர் எழுப்பிய வினாவோ தோற்கவில்லை.

எல்லார்க்கும் ஒரே விதி என்பது ஒரு சமம். எல்லார்க்கும் ஒரே தொடக்கம் என்பது மற்றொரு சமம். இவ்விரண்டும் முரணும்போது எதனைக் கொள்வது என்று முடிவு செய்தல் எளிதன்று. இரு பக்கத்தும் நல்லோர் உளர். இரு பக்கத்தும் இழப்பும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைப்பவன் நடுவுநிலை பிறழ்ந்தவனாவான். தந்தையாரின் உணவு மேசையில், எக்கருத்துக்கும் காரணம் காட்டக் கற்ற சிறுவனே பின்னாளில் ஒரு நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பினான். கல்லூரியில் இடம் பெற்று நாம் உள்ளே அமரும்போது, வெளியே நிற்பவன் யாவன், அவன் ஏன் நிற்கின்றான் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாயின், அதுவே மார்ஷலின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடத்தின் பயனாகும்.